ஜெயித்தவருக்கு லண்டனில் சிலை, வந்தவாசியில் என்ன?

கோரைப்பாய் வாங்க வந்தவாசிக்கு வருகிறவர்கள் கோட்டைப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு. பார்த்தாலும் அங்கே மிஞ்சியிருப்பது அகழியும் இடிந்த மதிலும்தான். ஆனால், தென்னாட்டை ஆளப்போவது பிரெஞ்சுக்காரனா இங்கிலீஷ்காரனா என்ற வழக்கு 1760 ஜனவரி 22 அன்று இந்தக் கோட்டைக்கு வெளியேதான் தீர்ந்தது. இங்கிலீஷ் தளபதி அயர் கூட் ஜெயித்தார், பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். மறு வருடமே புதுச்சேரியும் விழுந்தது. ஊர் திரும்பிய லாலிக்குத் துரோகிப் பட்டம் கட்டி, 1766-இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள்.

கூட்டுக்கோ லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பளிங்குச் சின்னம். கிழக்கிந்தியக் கம்பெனி காசு கொடுக்க, தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. வெற்றித் தேவதை கூட்டின் உருவப் பதக்கத்தை மாட்டுகிறாள். பக்கத்தில் மராட்டியக் கைதி ஒருவன் அழுகிறான். சோழமண்டலக் கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களை விரட்டியவர் என்று புகழ்கிறது கல்வெட்டு. விரட்டப்பட்டது பிரெஞ்சுக்காரன், அழுகிறவன் மட்டும் நம்மூர்க்காரன்! பின்னாளில் கூட் ஹைதர் அலியோடு மோதியதையும் அந்தச் சின்னம் சொல்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும் கம்பெனியின் மனசு அந்தக் கைதியின் முகத்தில் தெரிகிறது.

தோற்றவர்களும் சளைக்கவில்லை. 1754-இல் திருப்பி அழைக்கப்பட்ட பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே, 1763-இல் கடனாளியாகச் செத்தார். அவருக்குப் புதுச்சேரியில் சிலை எழுந்தது 1870-இல். இன்றும் கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நிற்கிறார், யாரும் கோபிப்பதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையின் கதை வேறு. 1857 கிளர்ச்சியில் வடக்கே ஊர் ஊராக ஜனங்களைத் தூக்கில் போட்ட இங்கிலீஷ் ராணுவ அதிகாரி என்பதால் 1927-இல் அதை எதிர்த்து சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு அதை எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பியது. சரியான இடம்.

வந்தவாசிக்குக் கூட் சிலையும் வேண்டாம், லாலி சிலையும் வேண்டாம். இருபுறமும் சம்பளத்துக்கு நின்ற சிப்பாய்களுக்கு ஒரு கல் போதும். 1758-இல் லாலி ஜாதி பாராமல் பிடித்துவந்து பாரம் சுமக்கவைத்த புதுச்சேரி ஜனங்களின் கஷ்டத்தையும் அதில் தமிழில் எழுதலாம். அரசு அதைச் செய்யும்வரை, தென்னாங்கூர் பாண்டுரங்கனைச் சேவிக்க வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளியிருக்கும் வந்தவாசிக்கும் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அந்த மதிலைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.