பெயரைச் சொன்னால் மரண தண்டனை!

வகுப்பில் ஆசிரியர் உங்கள் பெயரைக் கூப்பிட்டதும், ‘உள்ளேன் ஐயா’ என்று சத்தமாகச் சொல்கிறீர்கள். அந்தப் பெயர் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதற்காக யாராவது தூக்கில் போடுவார்களா? ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு குலத்துக்கே அப்படி ஒரு சட்டம் இருந்தது! அந்தக் குலத்தின் பெயர் மெக்ரிகர்.

கிரிகரின் பிள்ளைகள்

ஸ்காட்லாந்து மலை மக்களின் மொழி கேலிக். அதில் ‘மெக்’ என்றால் மகன். கிரிகர் என்பவரின் வழிவந்தவர்கள் மெக்ரிகர் ஆனார்கள். ‘கிரிகர்’ என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த பெயர். விழிப்பாக இருப்பவர் என்று பொருள்.

இவர்கள் மலைப் பள்ளத்தாக்குகளில் மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். ஆனால், ‘இது எங்கள் நிலம்’ என்று காட்ட அரசரின் பத்திரம் அவர்களிடம் இல்லை. பக்கத்தில் இருந்த கேம்பல் குலத்தார் அந்தப் பத்திரங்களை வாங்கிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிலம் கைநழுவியது. மலையில் ஒளிந்து வாழ்ந்த மெக்ரிகர்கள், மாடு திருடவும் சண்டை போடவும் தொடங்கினார்கள். ‘மூடுபனியின் பிள்ளைகள்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது!

பெயருக்குத் தடை

1603 பிப்ரவரியில், கிளென் ஃப்ரூயின் என்ற இடத்தில் கோஹூன் குலத்தாருடன் பெரிய சண்டை நடந்தது. கோஹூன்கள் நூறு பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அரசர் ஆறாம் ஜேம்ஸுக்குக் கடும் கோபம்.

அப்போது இங்கிலாந்துக்கும் அவரே அரசராகிவிட்டார். முடிசூட லண்டனுக்குக் கிளம்ப இரண்டே நாள் இருந்தபோது, ஏப்ரல் 3 அன்று சட்டம் வந்தது. இனி யாரும் மெக்ரிகர் என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் மரணம்! பின்னால் இன்னும் கட்டுப்பாடுகள் வந்தன. நான்கு பேருக்கு மேல் ஒன்றாகக் கூடக் கூடாது. இறைச்சி வெட்ட முனை இல்லாத கத்தி ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குலத் தலைவர் அலாஸ்டரை, ‘இங்கிலாந்துக்குப் பத்திரமாக அனுப்பி வைக்கிறேன்’ என்று சொல்லி ஒரு பிரபு சரணடைய வைத்தார். சொன்னபடி எல்லையைத் தாண்டிக் கூட்டிப் போனார்கள். உடனே திரும்ப அழைத்து வந்து, 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். வாக்குறுதியைக் காப்பாற்றிய லட்சணம் பார்த்தீர்களா?

ஒரே குலம், பல பெயர்

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கிரான்ட், மர்ரே, டிரம்மண்ட், ஸ்டூவர்ட் என்று வேறு குலங்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். சிலர் கேம்பல் என்றுகூட வைத்துக்கொண்டார்கள்! ஆனாலும் தாங்கள் யார் என்பதை மறக்கவில்லை.

அரசருக்காகப் போரிட்டதால், 1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693இல் அது மறுபடியும் வந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்தான் புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரிகர். தலைமுடி சிவப்பாக இருந்ததால் ‘ராய்’ என்று பெயர். மாட்டு வியாபாரியான இவர், வெளியில் தாயின் குலப்பெயரான கேம்பல் என்பதைப் பயன்படுத்தினார். 1734இல் இறந்தார். பால்குவிடர் கிராமத்தில் உள்ள அவர் கல்லறையில் பின்னாளில் பொறித்த வாசகம் என்ன தெரியுமா? ‘அவர்கள் தடுத்தும் மெக்ரிகரே!’

1774இல் தடை அடியோடு நீங்கியது. 58 ஆண்டுகள், பிறகு 81 ஆண்டுகள். மொத்தம் 139 ஆண்டுகள் ஒரு பெயர் குற்றமாக இருந்திருக்கிறது! பிறகு 826 பேர் கையெழுத்துப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைவரின் பெயரே ஜான் மர்ரே! வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் பணியாற்றியவர் அவர்.

கடல் தாண்டிய பெயர்

இதற்கிடையே அந்தப் பெயர் கப்பலும் ஏறிவிட்டது. அயர்லாந்தில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்து மக்களை, 1718இல் ஜேம்ஸ் மெக்ரிகர் என்ற பாதிரியார் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். நியூ ஹாம்ப்ஷயரில் அவர்கள் உருவாக்கிய ஊர்தான் லண்டன்டெரி. தாய்நாட்டில் தடை இருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அந்தப் பெயரைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது! பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று அது பரவியது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் நடித்த இவான் மெக்ரிகரும் ஸ்காட்லாந்துக்காரர்தான்.

வேறு பெயரோடு வாழ்கிற சிலர், ‘நாங்களும் மெக்ரிகரா?’ என்று இன்று டி.என்.ஏ. பரிசோதனை செய்து பார்க்கிறார்கள்.

உங்கள் பெயருக்கும், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களுக்கும் ஒரு கதை இருக்கும். யார் வைத்தது, ஏன் வைத்தது என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். மறக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்!