தோளில் உறுத்தும் தையல்

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேனின் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோது, இறுகத் தைத்த சீருடை படையோடு வந்தது. ஊர்க்காரர் உடம்பில் பெரும்பாலும் வேட்டியும் துண்டும்தான். சுற்றிக் கட்டும் துணியில் தையல் கிடையாது. ஆகவே உறுத்தலும் கிடையாது. ஆனால் குனிந்து நிமிரும் வேலையில் அது நழுவும்.

பின்னர் திருப்பூர் பனியன் வந்தது. அன்றைய பனியனுக்குத் துணியைக் குழாயாகவே பின்னினார்கள். விலாவில் தையல் இல்லை. தோளிலும் கைக்குழியிலும்தான் இருந்தது. ஒவ்வோர் அளவுக்கும் தனி விட்டமுள்ள பின்னல் இயந்திரம் வேண்டியிருந்தது. இன்று துணியை விரித்து வெட்டி, பக்கவாட்டில் இணைப்பது பெருகிவிட்டது. உடம்போடு பொருந்தும் வடிவம் கிடைத்தது. விலாவில் இரண்டு தையல் கூடியது.

பின்னல் துணி இழுபடும். அதோடு சேர்ந்து இழுபட ஓவர்லாக் தையல் வேண்டும். மூன்று நூல்கள் துணியின் விளிம்பைச் சுற்றிக்கொள்ளும். உட்பக்கம் வரப்பு போல ஒரு மேடு நிற்கும். தூத்துக்குடிப் பக்கத்து வேப்பலோடை, முள்ளக்காடு உப்பளங்களில் உப்பு சேர்க்க வாருபலகை இழுப்பவரின் கை ஓயாமல் அசைகிறது. வியர்வையில் ஊறிய தோலில் உராய்வு அதிகம். மேட்டில் தங்கிய வியர்வை காய்ந்தால் உப்பு மிஞ்சும். அக்குள் சிவந்து எரிவது இதனால்தான்.

இதற்கு மாற்றும் வந்துவிட்டது. பிளாட்லாக் இயந்திரம் நான்கு ஊசி, ஆறு நூல் கொண்டு இரு விளிம்புகளையும் ஏறக்குறைய தட்டையாக இணைக்கிறது. பிடரியை அரித்த லேபிளுக்குப் பதில், துணியிலேயே அச்சிடுகிறார்கள். 1995இல் ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் முழு உடுப்பையும் தையலின்றிப் பின்னும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. வேட்டியில் இருந்த சுகம், நழுவாத உடுப்பிலும் சாத்தியமாயிற்று.

ஆனால் நுட்பம் கூடினால் விலையும் கூடுகிறது. தட்டைத் தையலை அதிகம் காண்பது விளையாட்டு உடைகளில்தான். திருப்பூரின் ஏற்றுமதிப் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. பக்கத்து உப்பளத்தில் உழைப்பவருக்கு மலிவு விலை ஓவர்லாக் பனியனே கைக்கு எட்டுகிறது. நாள் முழுதும் வியர்ப்பவருக்கே தட்டைத் தையல் முதலில் வேண்டும்.

வாங்கும்போது பனியனை உள்புறம் திருப்பிப் பாருங்கள். கைக்குழித் தையலை விரலால் தடவுங்கள். விரலுக்கு உறுத்துவது தோலுக்கும் உறுத்தும்.