மலிவான வைட்பேண்ட் மீட்டரை நம்பலாமா?

டர்போ காரில் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் வந்து பிஸ்டனே உருகலாம். காரோடு வரும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் இதைக் காட்டாதா? காட்டாது. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எல்லையில் அதன் மின்னழுத்தம் சட்டென்று தாவிவிடும், 11.5-ஆ, 13-ஆ என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. வைட்பேண்ட் சென்சாரோ ஒரு நுண்ணறைக்குள் ஆக்சிஜனை உள்ளும் வெளியும் பம்ப் செய்து, அதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தைக் கொண்டே காற்று-பெட்ரோல் விகிதத்தைக் கணிக்கிறது. அந்த விகிதத்தைக் காட்டும் மீட்டரின் விலை குறைந்தால் துல்லியமும் போய்விடும் என்பார்கள். ஆனால் விலையில் வேறுபடும் பல மீட்டர்களோடு வருவது அதே பாஷ் எல்.எஸ்.யு 4.9 சென்சார்தான். ஆகவே டயலின் பளபளப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சென்சார் அசலா, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்கு மீட்டர் தரவு அனுப்புமா என்று பாருங்கள். பொருத்தும்போது சென்சாரை டர்போவுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் புகையின் அழுத்தம் அளவைப் பிறழவைக்கும், சூடு சென்சாரின் ஆயுளைத் தின்றுவிடும்.