கல்வெட்டுக் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பெயர்த்தல்: திருவண்ணாமலைக் கல்வெட்டுகளை முன்வைத்து

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற் கல்வெட்டுகள் பல, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ எட்டாம் தொகுதியில் (1937) மூலபாடமாக வெளிவந்தன. பின்னர் பி. ஆர். சீனிவாசன் இக்கோயிற் கல்வெட்டுகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. தமிழறியா வரலாற்றாய்வாளர்க்கு மொழிபெயர்ப்பே மூலமாகிவிடுகிறது. ஆதலின், கல்வெட்டுகளில் பயிலும் நில, வரி, அறக்கட்டளைச் சொற்களை எவ்வாறு பெயர்ப்பது என்பது வரலாற்று முடிவுகளையே பாதிக்கும் வினாவாகும்.

‘இறையிலி’ என்பதற்கு ‘டாக்ஸ்-ஃப்ரீ’ என்பது பழகிய பெயர்ப்பு. சொற்பொருளளவில் இது பிழையன்று; நடைமுறையை நோக்கின் போதாது. தேவதான இறையிலியில், அரசுக்குரிய வருவாய் கோயிலுக்கு மாற்றப்படுவதுண்டு. உழுகுடி செலுத்துவது நிற்பதில்லை. வேறு சில ஆவணங்களில், கொடையாளியிடம் ஒருமுறை பொன்னோ காசோ பெற்ற சபை, அந்நிலத்தின் இறையைத் தானே செலுத்த உடன்படுகிறது. முன்னதில் இறை பெறுவோர் மாறுகின்றனர். பின்னதில் செலுத்துவோர் மாறுகின்றனர். இரண்டையும் ஒரே தொடரால் பெயர்த்தால், இரண்டிலும் வரி அறவே நீக்கப்பட்டதாகப் படிப்பவர் கருதுவர்.

இன்று வேறு பொருளில் வழங்கும் சொற்கள் மற்றோர் இடர். பிற்காலச் சோழர் ஆவணங்களில் ‘கடமை’ முதன்மையான நிலவரியாகும். அதனை ‘டியூட்டி’ என்று பெயர்த்தால், ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தீர்வை என்னும் பொருளும் உண்மையின் பொருத்தம்போலத் தோன்றும். ஆயின் அது சுங்கத்தை நினைவூட்டி, நிலவிளைவிற் பெறும் பங்கு என்பதை மறைத்துவிடும்.

‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் புராணச் சாயல் படியும். உண்மையில் அஃது ஓர் ஒப்பந்த நிபந்தனை. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர், இறந்தவற்றுக்கும் முதிர்ந்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குன்றாமற் காத்து, நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்கவேண்டும். முதல் குறையாத அறக்கட்டளை என்பதே இதன் கருத்து.

இச்சொற்கள் பொருளை மட்டுமன்றி ஒரு நடைமுறையையும் சுட்டுகின்றன. எனவே மூலச்சொல்லை ஒலிபெயர்த்து நிறுத்தி, கொடுப்பவர் யார், பெறுபவர் யார், எது நிற்கிறது, எது தொடர்கிறது என்பதை அந்தந்த ஆவணத்தின் வழி விளக்குவதே தக்கது. எ. சுப்பராயலு பதிப்பித்த ‘தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி’ (2002–2003) போன்ற கருவிநூல்கள் சொல்லின் பொருள்களைத் தரும். அவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கல்வெட்டின் வாசகமே முடிவுசெய்யும்.