கழித்த பொருளும் கலைப் பொருளும்

உபயோகம் தீர்ந்ததென்று நாம் வீதியில் எறியும் பொருள்களைக் கொண்டே சிற்பமும் சித்திரமும் ஆக்குவது இக்காலத்தில் வளர்ந்துவரும் ஒரு கலைமுறையாகும். அதன் பயன் கண்ணுக்கு இன்பமளித்தல் மட்டுமன்று. நாம் கழித்தவை எங்குச் சென்றன என்னும் வினாவைக் காண்பார் உள்ளத்தில் எழுப்புதலுமாகும்.

நமது புதுக்கோட்டைச் சீமையில் முன்னோர்க்கு இவ்வினா பெரிதாகத் தோன்றியிராது. ஐயனார் கோயிற் காடுகளில் நிற்கும் மண்குதிரைகளை நாம் கண்டிருக்கிறோம். வேளார் மண்ணைப் பிசைந்து உருவாக்கிச் சூளையிட்ட அக்குதிரைகள், நேர்த்திக்கடனாக நிறுத்தப்பட்டபின் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஓடாகி, நிலத்தில் அடங்குகின்றன. ஓலைக் கொட்டானும் தேய்ந்த துடைப்பமும் எருக்குழி புகுந்து உரமாயின. பிளாஸ்டிக்கோ அவ்வாறு மட்குவதன்று. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகையினை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் தடைசெய்ததும் இக்காரணம் பற்றியேயாம்.

நிற்க. இக்கலைக்கு நம் நாட்டில் தலைசிறந்த சான்று சண்டிகர் நகரத்துப் பாறைத் தோட்டம். அதனை ஆக்கிய நேக் சந்த், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் தம் ஊரை இழந்து வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக உத்தியோகம் பார்த்தவர். புதிய நகரம் எழும்பும்பொருட்டுப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு, மின்கம்பிக்குரிய பீங்கான் குமிழ் முதலியவற்றை அவர் சைக்கிளில் சுமந்து, கட்டடம் எழுப்பக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட காட்டுநிலத்தில், 1957 அளவில் தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டுகள் இரகசியமாக உழைத்தார். சிமிந்தியில் அவற்றைப் பதித்து மனிதரும் விலங்குமாக எண்ணிறந்த உருவங்களைச் சமைத்தார். உண்மை வெளிப்பட்டபோது சட்டப்படி அவை இடிக்கப்பட வேண்டியவை. ஜனங்களின் ஆதரவு அவற்றைக் காத்தது. 1976இல் தோட்டம் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் அளிக்கப்பட்டன. 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2015இல் காலமானார். விவான் சுந்தரம் என்னும் ஓவியரும் குப்பையாலேயே ஒரு மாதிரி நகரத்தை அமைத்துப் படமெடுத்துக் காட்டினார்.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் கூடும். ஒரு கலைஞர் எடுக்கும் குப்பை எவ்வளவு? ஊர் கழிக்கும் குவியலில் அஃது ஒரு கைப்பிடியும் ஆகாது. அன்றியும், பீங்கானும் கண்ணாடியும் சிமிந்தியில் நெடுநாள் நிலைக்கும்; பிளாஸ்டிக் உருவமோ வெயிலில் நொறுங்கி நுண்துகளாகி மண்ணிலும் நீரிலும் கலக்கும். ஆதலின், புட்டியைப் பூவாக்கினோம் என்று மகிழ்ந்து மேலும் புட்டிகளை வாங்குவது கலையுமன்று, நலமுமன்று. இக்கலை குப்பைக்கு மருந்தன்று. நோயைக் காட்டும் கண்ணாடியே.

எனினும் கண்ணாடியின்றி முகத்து மாசு தெரிவதெவ்வாறு? கலாசாலை விழாக்களில் கண்காட்சி அமைக்கும் மாணவ நண்பர்கள், புதுப்பொருள் யாதும் வாங்காது, நம் விடுதியும் உணவுச்சாலையும் ஒருவாரத்திற் கழித்தவற்றை எடையிட்டு, அவற்றைக்கொண்டே ஓர் உருவம் சமைப்பாராக. எடையையும் அதன்கீழ் எழுதிவைப்பாராக. அடுத்த ஆண்டு அவ்வுருவம் சிறுத்துக் காணப்படின், அதுவே அக்கலையின் வெற்றியென நாம் கொள்வோம்.