பாலுக்கு வேலி, மாம்பழத்துக்கு வாசல்

நியூசிலாந்துடன் பேசி முடித்த வர்த்தக ஒப்பந்தத்தில் பாலை ஒதுக்கி வைத்துவிட்டது இந்தியா. அது சரியான முடிவுதானா? சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கணக்கு என்ன சொல்கிறது?

விடியற்காலை ஐந்தரை மணி. சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் சாலையோரக் கிராமங்களில், பால் சேகரிப்பு மையங்களின் முன்னால் எவர்சில்வர் தூக்குகளும் பிளாஸ்டிக் கேன்களும் வரிசை கட்டுகின்றன. கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவரிடம் மூன்று லிட்டர், இன்னொருவரிடம் ஐந்து. இயந்திரம் சில நொடிகளில் கொழுப்பையும் மற்ற சத்துகளையும் அளந்து சொல்கிறது. அதன்படி விலை, நோட்டில் கணக்கு. பத்து நாளோ பதினைந்து நாளோ கழித்துப் பணம் பட்டுவாடா. மழை பொய்த்து வேர்க்கடலை கைவிட்ட ஆண்டுகளில் இந்த வறண்ட மண்ணில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தப் பணத்தில்தான்.

பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது நியூசிலாந்து. மக்கள்தொகை ஐம்பது லட்சத்துச் சொச்சம். கறவை மாடுகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு பண்ணையில் சராசரியாக நானூறு மாடுகளுக்கு மேல். ஆண்டு முழுவதும் புல் மேயும் மாடுகள் என்பதால் தீவனச் செலவு குறைவு. விவசாய மானியங்களை 1984இலேயே ஒழிக்கத் தொடங்கிய நாடு அது. உற்பத்தியாகும் பாலில் ஏறக்குறைய 95 சதவீதம் பவுடராகவும் வெண்ணெயாகவும் சீஸாகவும் கப்பலேறிவிடுகிறது.

மொத்தப் பொருளாதாரத்தை எடைபோட்டால் இந்தியா யானை, நியூசிலாந்து சுண்டெலி. பாலில் தராசு வேறு மாதிரி சாய்கிறது. 2023-24இல் இந்தியா கறந்தது சுமார் 23.9 கோடி டன், உலகிலேயே முதலிடம். நியூசிலாந்து கறப்பது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இந்தியாவின் பாலை அநேகமாக முழுவதும் இந்தியர்களே குடித்துவிடுகிறார்கள். உலகச் சந்தையில் விலையை அசைப்பது சுண்டெலிதான்.

இந்த இரு நாடுகளும் 2010இல் பேசத் தொடங்கி, 2015இல் முட்டி நின்று, 2025 மார்ச்சில் மீண்டும் உட்கார்ந்து, அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று பேச்சு முடிந்ததாக அறிவித்தன. இந்தியச் சரக்குகள் அனைத்துக்கும் நியூசிலாந்து வரியை நீக்கும். நியூசிலாந்து அனுப்பும் சரக்குகளில் சுமார் 95 சதவீதத்துக்கு இந்தியா வரியை நீக்கும் அல்லது குறைக்கும். பால், வெண்ணெய், சீஸ் ஆகியவை பட்டியலுக்கு வெளியே. தன் நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் கால் பங்குக்கு மேல் ஈட்டித் தரும் பொருளையே விட்டுவிட்டு என்ன ஒப்பந்தம் என்று நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸே எதிர்த்தார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எது யாருக்கு மலிவாக வருகிறதோ அதை அவர் செய்யட்டும், மற்றதை வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் தடையில்லா வர்த்தகத்தின் அடிப்படைப் பாடம். நகரத்தில் பால் பாக்கெட் வாங்கும் குடும்பத்துக்கு விலை குறைந்தால் கசக்காது. பேக்கரிக்காரருக்கும் ஐஸ்கிரீம் கம்பெனிக்கும் லாபம். பிறகு ஏன் பாலுக்குத் தீண்டாமை?

குழாய் யார் கையில்?

காரணம், உலகப் பால் சந்தையின் சுபாவம். உலகில் கறக்கப்படும் பாலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எல்லை தாண்டுகிறது. அளவு சிறிது, அதனால் ஆட்டம் பெரிது. 2014 தொடக்கத்தில் டன்னுக்கு 5,000 டாலரை ஒட்டி விற்ற முழுக்கொழுப்புப் பால் பவுடர், 2015 ஆகஸ்டில் 1,600 டாலருக்கும் கீழே இறங்கியது. நானூறு மாடு வைத்திருக்கும் பண்ணைக்காரர் வங்கியில் கடன் வாங்கி அந்தச் சரிவைக் கடக்கலாம். இரண்டு மாடு வைத்திருக்கும் பலமனேர் பெண் ஒரு மாட்டை விற்றுத்தான் கடக்க முடியும். விலை திரும்ப ஏறும்போது அந்த மாடு கொட்டகையில் இருக்காது.

இந்தியா இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. உலக வர்த்தக அமைப்பு 1995இல் பிறந்தபோது, பால் பவுடருக்கு வரியே போடுவதில்லை என்ற பழைய வாக்குறுதிக்கு இந்தியா கட்டுப்பட்டிருந்தது. 1990களின் கடைசியில் மானியத்தில் விளைந்த ஐரோப்பியப் பவுடர் வந்து இறங்கத் தொடங்கியதும் டெல்லி விழித்துக்கொண்டது. மறுபடி பேசி, ஆண்டுக்கு 10,000 டன் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம் வரி என்று மாற்றியது. அந்த அனுமதி இனாமாகக் கிடைக்கவில்லை. வேறு பொருள்களில் சலுகை தந்துதான் வாங்க வேண்டியிருந்தது. ஒருமுறை திறந்த கதவை மூடவும் விலை உண்டு.

ஆனால் வெளிநாட்டுப் பவுடர் எப்போதும் விஷம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியே ஐரோப்பா தானமாகத் தந்த பவுடரிலும் வெண்ணெய்க் கொழுப்பிலும் எழுந்ததுதான். வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம் அதை உள்நாட்டு விலை சரியாதபடி அளந்து விற்றது. வந்த பணத்தில் கூட்டுறவுச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் கட்டியது. அதே பவுடர்தான். குழாய் நம் கையில் இருந்தது என்பதே வித்தியாசம்.

குழாய் கையில் இல்லாதபோது நடப்பதைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இலங்கையின் தேநீர்க் கோப்பையில் பல பத்தாண்டுகளாகக் கலந்திருப்பது பெரும்பாலும் இறக்குமதியான பால் பவுடர். அதில் பெரும் பங்கு நியூசிலாந்துடையது. 2021-22இல் அந்நியச் செலாவணி வற்றியபோது பவுடரும் வற்றியது. கடை முன் வரிசைகள் நீண்டன. கொழும்பில் பல உணவகங்கள் பால் தேநீர் போடுவதையே நிறுத்தின.

லட்டுவின் நெய்

சித்தூரிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டரில் திருப்பதி. 2022 ஏப்ரலில் தனி மாவட்டமான இந்த ஊரில் பால் கொழுப்புக்குப் பெரிய வாடிக்கையாளர், திருமலை ஏழுமலையான். தினமும் லட்சக்கணக்கில் பிடிக்கப்படும் லட்டுக்குப் பசு நெய் டெண்டர் மூலம் வாங்கப்படுகிறது. நாலு சதவீதக் கொழுப்புள்ள பாலில் ஒரு கிலோ நெய் எடுக்கச் சுமார் 25 லிட்டர் வேண்டும். இந்தக் கணக்கைத் தாண்டி மலிவைத் தேடினால் என்ன ஆகும் என்ற கேள்வியைத்தான் 2024 செப்டம்பரில் வெடித்த கலப்பட நெய் சர்ச்சை நாடு முழுவதும் எழுப்பியது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சி.பி.ஐ. இயக்குநரின் மேற்பார்வையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

வெண்ணெய்க்கு இருக்கும் 40 சதவீத வரி போய்விட்டால், மலிவு தேடும் மொத்தக் கொள்முதல்காரர்களின் பார்வை முதலில் துறைமுகத்தின் பக்கம் திரும்பும். இதில் நம்பிக்கையும் கலந்திருக்கிறது. மாமிசத் தீவனம் தின்னாத மாட்டின் பால் என்று சான்று வேண்டும் என்பது இந்தியாவின் இறக்குமதி நிபந்தனை. அமெரிக்கா இதை மறைமுகத் தடை என்கிறது. கோயில் நெய்யைச் சுற்றிய கொந்தளிப்பைப் பார்த்தவர்கள் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட மாட்டார்கள்.

மாங்கூழின் நியாயம்

இத்துடன் முடிந்தால் தீர்ப்பு எளிது. ஆனால் கொட்டகையில் மாடு கட்டியிருக்கும் அதே குடும்பத்துக்கு வீட்டுக்குப் பின்னால் நாலைந்து ஏக்கர் மாந்தோப்பும் இருக்கலாம். தோத்தாபுரி, தமிழ்நாட்டில் பெங்களூரா, கிளிமூக்கு என்றால் புரியும். சித்தூரும் பக்கத்து கிருஷ்ணகிரியும்தான் நாட்டின் மாங்கூழ் ஆலைகளின் மையங்கள். கூழ் போவது சவூதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து போன்ற நாடுகளுக்கு.

2025 கோடையில் விளைச்சல் குவிந்தது. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தேங்கிக் கிடந்தது. விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் எட்டு ரூபாய், அரசு நாலு ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. கர்நாடகத்திலிருந்து தோத்தாபுரி வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். இரண்டு நாடுகள் இருக்கட்டும், இரண்டு மாநிலங்களுக்கு நடுவிலேயே தடையில்லா வர்த்தகம் தடுமாறியது.

இந்த விவசாயிக்கு வேண்டியது வேலி அல்ல, வாசல். 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தமும், 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தமும் அவருக்குச் சாதகமான திசையில்தான் இருக்கின்றன. பிரிட்டன் சுமார் 99 சதவீத இனங்களுக்கு வரி நீக்க ஒப்புக்கொண்டது. அதற்காக வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2014இல் பழ ஈ இருந்தது என்று சொல்லி அல்போன்சா மாம்பழத்துக்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டதே, அங்கே தடுத்தது வரி அல்ல, பூச்சி. பூச்சிமருந்து எச்சம், சுகாதாரச் சான்று என்று வரிக்குப் பின்னால் இன்னும் பல கதவுகள்.

ஆக, ஒரே வீட்டின் பின்புறம் கதவைத் திறக்கச் சொல்கிறது, முன்புறம் மூடச் சொல்கிறது. பேச்சுவார்த்தை மேஜையில் இவை இரண்டும் எதிரெதிர்த் தட்டுகள். எங்கள் சந்தையைத் திறக்கிறோம், உங்கள் பாலைத் திற என்று எதிராளி கேட்கத்தான் செய்வார். நியூசிலாந்து கேட்டது, அமெரிக்காவும் கேட்டது. இதுவரை இந்தியா மசியவில்லை. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் கூட்டில் சேர மறுத்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் பாலும் ஒன்று. ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஒப்பந்தங்களிலும் பால் ஒதுக்கியே வைக்கப்பட்டது.

வேலிக்குள்ளே விழுந்த ஆலை

ஒதுக்கியது சரி. மாங்கூழ் விலை விழுந்தால் ஒரு பருவம் போகும். பால் விலை விழுந்தால் அன்றாடச் செலவே நின்றுபோகும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து மாற்றிக்கொள்ள முடியாது.

ஆனால் சித்தூருக்குத் தெரிந்த இன்னொரு உண்மையும் உண்டு. இங்கே பெரிதாக இயங்கிய கூட்டுறவுப் பால் ஆலை 2002இல் மூடப்பட்டது. அதை மூழ்கடித்தது எந்த நியூசிலாந்துக் கப்பலும் அல்ல. 60 சதவீத வரி வேலிக்குள்ளேயே அது விழுந்தது. நிர்வாகக் கோளாறா, அரசியல் உள்நோக்கமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. அப்போது முதல்வராக இருந்த சந்திரபாபு நாயுடு 1992இல் நிறுவியதுதான் ஹெரிட்டேஜ் பால் நிறுவனம் என்பதால் எதிர்க்கட்சிகளுக்கு அது தீராத ஆயுதம். 2023 ஜூலையில் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, அமுல் மூலம் ஆலையைப் புதுப்பிக்கப் பூமி பூஜை போட்டார். இடையில் போனது இருபத்தோரு ஆண்டுகள்.

வேலி பயிரைக் காக்கும்; தண்ணீர் பாய்ச்சாது. பசுந்தீவனம், மாட்டு மருத்துவர், கொழுப்பை ஏமாற்றாமல் அளக்கும் இயந்திரம், நாள் தவறாத பட்டுவாடா ஆகியவை எந்த ஒப்பந்தத்தின் ஷரத்திலும் வராதவை. நியூசிலாந்து ஒப்பந்தத்திலேயே கிவி, ஆப்பிள், தேன் விளைச்சலை மேம்படுத்த அந்த நாட்டின் உதவி பேசப்பட்டிருக்கிறது. புல்லிலிருந்து பால் எடுக்கும் வித்தையில் உலகுக்கே ஆசானான நாட்டிடமிருந்து, பால் வேண்டாமென்றாலும் பாடத்தையாவது கேட்டு வாங்கலாம்.

ஏனென்றால் தட்டுவது நிற்கப்போவதில்லை. வேறொரு நாடு, வேறொரு மேஜை, அதே கேள்வி. அப்போதும் இல்லை என்று சொல்லும் பலம் டெல்லிக்கு இருக்க வேண்டுமானால், பலமனேர் சாலையில் தூக்கோடு நிற்கும் பெண்ணுக்கு இரண்டாவது மாடு கட்டுப்படியாக வேண்டும்.