முதுமையில் சர்க்கரை: ராயபுரத்தில் தொடங்கிய ஆராய்ச்சி

சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கும் சர்க்கரையில் கணிசமான பங்கை உள்வாங்கிக்கொள்வது தசை. அதற்கு உத்தரவு கொடுக்கும் ஹார்மோன், கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின். வயது ஏற ஏற இரண்டுமே தளர்கின்றன. சுரப்பு மந்தமாகிறது, தசையும் அளவில் குறைந்துகொண்டே வருகிறது. அறுபதைத் தாண்டியவர்களிடம் சர்க்கரை நோய் மிகுந்து காணப்படுவதற்கு இது முக்கியமான காரணம்.

இந்த நோய்க்கு இந்தியாவில் தனி மருத்துவத் துறை உருவானதில் வடசென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948-ல் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954-ல் ராயபுரத்தில் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையை நிறுவினார். பிறகு அதனோடு ஓர் ஆராய்ச்சி மையமும் சேர்ந்தது. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல. இன்று இத்துறையில் உலகம் அறிந்த டாக்டர் வி. மோகன், டாக்டர் ஏ. ராமச்சந்திரன், டாக்டர் விஜய் விஸ்வநாதன் மூவரும் அந்த மையத்தில் வளர்ந்தவர்கள்.

விஸ்வநாதனின் பணியில் இன்றும் நின்று பேசும் பகுதி உணவு பற்றியது. மாவுச்சத்தை வெட்டிக் கொழுப்பைக் கூட்டும் மேல்நாட்டு உணவுமுறை ஒரு காலத்தில் இங்கும் சிபாரிசு செய்யப்பட்டது. சோறும் இட்லியும் சாப்பிட்டு வளர்ந்த குடும்பத்தில் அது சில வாரங்கள்கூட நிற்காது; கூலி வேலை செய்பவருக்குக் கட்டுப்படியும் ஆகாது. தானியத்தை ஒதுக்காமல், பருப்பு, பயறு, கீரை, காய்கறி வழியாக நார்ச்சத்தை நிறையச் சேர்க்கும் முறையை விஸ்வநாதன் கையாண்டார். அந்த நீண்டகால அனுபவம் எண்பதுகளில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. நோயாளியின் தட்டிலிருந்தே வைத்தியத்தைத் தொடங்க வேண்டும் என்ற அவருடைய பார்வை, எந்த மாத்திரைக்கும் குறையாத மதிப்புள்ளது.

அதே மையத்திலிருந்து ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இன்னொரு மைல்கல். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் முறைப்படுத்திக்கொண்ட பிரிவில் அது சுமார் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நடுவயதினர். எழுபது வயதுக்காரருக்கு உணவில் அதே கண்டிப்பு பொருந்தாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் எண்ணூர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவரும் ஓய்வுபெற்று உட்கார்ந்ததும் தசை வேகமாக இளைக்கிறது. ‘சுகர்’ என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் குறைக்கப்படுவது சாப்பாடு. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் இரண்டு சப்பாத்தி என்று முடிந்துவிடுகிறது. நைசாக அரைத்த கேழ்வரகு மாவுக் கஞ்சியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். போதிய புரதம் இல்லாததால் தசை மேலும் கரைகிறது, சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடம் இன்னும் சுருங்குகிறது. பயத்தால் பட்டினி போடுவது முதியவருக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

பெரியவர்களுக்கான இந்தியப் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது முதுமை மருத்துவ வல்லுநர்களின் கருத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போகும் நெத்திலியும் மத்தியும் விலை உயர்ந்த புரதப் பொடிகளுக்குச் சளைத்தவை அல்ல. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

மருந்திலும் வயதைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி ‘லோ சுகர்’ ஆகிவிடலாம். முதியவர்களிடம் வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கை மங்கி, நேரடியாகக் குழப்பமும் மயக்கமும் வரலாம்; விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதனால்தான் வேறு நோய்களும் தளர்ச்சியும் உள்ள முதியவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) அளவு 8 சதவீதத்துக்குள் இருந்தாலே போதும் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் தளர்த்திச் சொல்கின்றன.

அடுத்த முறை ரிப்போர்ட்டோடு பெரியவரை அழைத்துப் போகும்போது, அவர் எத்தனை கிலோ இளைத்திருக்கிறார், ஒருநாளில் என்னென்ன சாப்பிடுகிறார், எப்போதாவது தலைசுற்றி விழுந்தாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.